கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம்

அதிபர் நமசிவாயம் தேநீர் வரவழைத்தபோதே உதயகலாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் யாருக்குத் தேநீர் கொடுப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கல்விக் கந்தோரிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவர்களுக்குப் பிஸ்கட்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, கால் கழுவிய ஈரத்தோடு ஓடிவரும் தாய்மாருக்கு வராந்தாவில் ஒரு வாங்கு கிடக்கிறது. அதில் குந்தியிருந்து, கூப்பிட்ட பிறகு எழும்பி உள்ளே போய், நின்றபடி பேச்சு வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். இன்றைக்கு என்னவென்றால் மெத்தை வைத்த கதிரை, தலைக்கு மேல் காற்றாடி, பூப்போட்ட கோப்பையில் பால் தேநீர். இந்தமுறை வெங்காயம் எப்படி, அழுகல் விழவில்லையே என்று விசாரிப்பு வேறு. உதயகலா கோப்பையைத் தொடவில்லை.

"வாற வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. தெரியும்தானே?" என்றார் அதிபர்.

"ஓம் சேர். மதில் முழுக்கப் படம் தொங்குது."

தொங்கத்தான் செய்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஆறு பிள்ளைகளின் முகங்களும், ஒவ்வொன்றும் ஒரு கதவளவில், பள்ளிக்கூட வாசலிலிருந்து சுன்னாகம் சந்தி வரைக்கும் கட்டப்பட்டிருந்தன. பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்தலில் நிற்கிறவர்களைப் போலக் கைகூப்பச் சொல்லிப் படம் எடுத்திருந்தார்கள். உதயகலாவின் மகள் கஜானி அந்த ஆறு பேரில் இல்லை. சில புள்ளிகளில் தவறிவிட்டாள்.

"டொக்டர் வாகீசன் கனடாவிலையிருந்து வாறார். தான் தந்த வயலினுகளைப் பிள்ளையள் வாசிக்கிறதைப் பாக்கவேணுமாம். அங்கையிருந்தும் எல்லாரும் நேரடியாப் பாப்பினம்."

"அப்ப கஜானி வாசிப்பாதானே சேர்?"

"வாசிப்பா. அவ இல்லாமல் நடக்குமே? ஆனா…" அதிபர் ஏற்கெனவே கலக்கிய தேநீரை இன்னொருமுறை கலக்கினார். "பின்னாலை இருந்து வாசிப்பா. கறுப்புத் துணி ஒண்டு கட்டுவம். ஒரு மைக்கும் வைப்பம். முன்னுக்குச் சித்தியடைஞ்ச பிள்ளையள் இருப்பினம்."

"முன்னுக்கு இருக்கிற பிள்ளையள் என்ன செய்வினம்?"

"வில்லை இழுப்பினம்."

உதயகலாவுக்கு அது உடனே விளங்கவில்லை. வாசிக்கப்போவது கஜானி, வாசிக்கிற மாதிரி நடிக்கப்போவது அவர்கள் என்று பிறகுதான் பிடிபட்டது. வாயில் நல்லதாக நாலு வார்த்தை வந்து நின்றது. ஊரில் அவளை வாய்க்காரி என்றுதான் சொல்லுவார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் பிள்ளை படிக்கிற இடம் என்று விழுங்கிக்கொண்டாள்.

இந்த வயலின் கதை தொடங்கி இரண்டு வருடமாகிறது. அப்போதும் வாகீசன்தான் வந்திருந்தார். மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டி, சிவப்பும் பச்சையுமாக மூளையின் படங்களைக் காட்டினார். வயலின் பழகும் பிள்ளையின் மூளையில் இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்கிறது, ஞாபகசக்தி கூடுகிறது, ஒன்றிலே மனம் நிற்கிறது, கணக்கும் வாசிப்பும் நன்றாக வருகிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படித்த மனிதர், ஆராய்ந்துதான் சொல்லியிருப்பார். கோளாறு கேட்டவர்களின் காதில் இருந்தது. ஞாபகசக்தி என்ற சொல்லுக்குப் பிறகு ஒருவருக்கும் வேறெதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு விடியற்காலையில் வல்லாரைச் சம்பலை வாயில் தீத்துகிற தாய்மார், அந்தக் கையாலேயே வயலினையும் தீத்தலாம் என்று நினைத்துக்கொண்டார்கள். பெட்டிபெட்டியாக வயலின்கள் வந்திறங்கின. சனிக்கிழமைகளில் மானிப்பாயிலிருந்து மியூரியல் ரீச்சர் பஸ் ஏறி வந்து படிப்பித்தார். முதல் மாதம் முழுவதும் பள்ளிக்கூட ஒழுங்கையில் நாய்கள் கூடப் படுக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுக்கு ஏறினார்கள். காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன், ஞாயிற்றுக்கிழமை மாதிரி வினாத்தாள் என்று ஆனவுடன், மூளையை வளர்க்க வந்த வயலின்கள் வீட்டுக்கு வீடு அலுமாரியின் மேலே ஏறிக்கொண்டன. மூளை வளர்ந்தது காணும், இனிப் புள்ளி எடுக்கவேண்டும் அல்லவா! பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்பே சனிக்கிழமை வகுப்பில் கஜானியும் மியூரியல் ரீச்சரும்தான் மிஞ்சினார்கள்.

உதயகலா அவளை மறிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கஜானி மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கொப்பியில் ஒரு கணக்குப் பிழைத்தால் போதும், அழிறப்பரை எடுத்து அழிப்பாள், அழிப்பாள், தாளில் ஓட்டை விழும்வரை அழிப்பாள். பிறகு அந்த ஓட்டையைப் பார்த்து அழுவாள். அடுத்த நாள் வயிற்றுக்குத்து, பள்ளிக்கூடம் போகமாட்டாள். மந்திகை, மானிப்பாய் என்று ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு திரிந்தும் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். வயிற்றில் இல்லை என்பது உதயகலாவுக்கும் தெரியும். பிழை விட்டால் உலகம் முடிந்துபோகும் என்று யாரோ அந்தக் குஞ்சின் தலைக்குள் ஏற்றி வைத்திருந்தார்கள். யார் என்று தேடினால் ஒருவர் இருவர் இல்லை, ஊரே நிற்கும்.

வயலினில் விரல் வைக்கிற இடத்துக்கு அடையாளம் கிடையாது. கறுப்புப் பலகை, நாலு தந்தி, அவ்வளவுதான். விரலை வைத்துப் பார்க்கவேண்டும். சற்றுத் தள்ளிப்போனால் காது சொல்லும், பிறகு விரல் நகர்ந்து சரியான இடத்துக்குப் போகும். ஒருநாள் உதயகலா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சுரம் ஒன்று கொஞ்சம் கீழே விழுந்தது. பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி, ஓரிடத்தில் போய் நின்றது. இப்போது அழப்போகிறாள் என்று சட்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அழவில்லை. மறுபடியும் அதே சுரம், மறுபடியும் சற்றுக் கீழே, மறுபடியும் ஏறியது. பத்துமுறையோ இருபதுமுறையோ பிள்ளை சலிக்காமல் பிழை விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதம் கொப்பியில் ஒரு கணக்கைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, கீழே புதிதாகச் செய்திருந்தாள். தாளில் ஓட்டை இல்லை. உதயகலா அந்தப் பக்கத்தை அடுப்படிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தனியே நின்று அழுதாள். கொஞ்சநாளில் வகுப்பாசிரியர் ஒரு முறைப்பாடு சொல்லி அனுப்பினார். 'எனக்கு விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ' என்று உங்கள் பிள்ளை வாய் காட்டுகிறாளாம். இதைவிடப் பெரிய சித்தி உதயகலாவுக்குத் தேவைப்படவில்லை.

ஊருக்குத் தேவைப்பட்டது. முடிவுகள் வந்த அன்று, வயலினைத் தூக்கிக்கொண்டு திரிந்ததால்தான் பிள்ளை கோட்டைவிட்டது என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அதிபர், வயலினால்தான் ஆறு பேர் சித்தியடைந்தார்கள் என்று கனடாவுக்குக் காட்டப்போகிறார். ஒரே வயலின், தொடாதவனுக்கு மூளையை வளர்த்தது, தொட்டவளுக்குக் கெடுத்தது. இவர்களுக்கெல்லாம் நாக்கில் எலும்பு இல்லாவிட்டாலும் நெஞ்சிலாவது ஏதும் இருக்கவேண்டாமா?

"பிள்ளையை ஒளிச்சு வைக்கச் சொல்லுறியள் சேர்," என்றாள் கடைசியில்.

"சீச்சீ, என்ன கதை கதைக்கிறியள்! இது பள்ளிக்கூடத்துக்காக. அவர் சந்தோசப்பட்டாத்தான் வகுப்புத் தொடர்ந்து நடக்கும். அதோடை…" அதிபர் குரலைத் தாழ்த்தினார். "வயலினுகள் திட்டத்தின்ரை சொத்து. ஐஞ்சாம் ஆண்டு முடியத் திருப்பித் தரவேணும், தெரியும்தானே? விழா நல்லபடியா முடிஞ்சா, கஜானியின்ரை வயலினை அவவுக்கே குடுத்திடலாம். நான் பொறுப்பு."

உதயகலா எழும்பினாள். தேநீரில் ஆடை படிந்துவிட்டிருந்தது.

வீட்டில் அவள் புருசன் பஞ்சலிங்கம் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் சாதுவான மனிதன். மனைவி கத்தி முடிக்கும் வரைக்கும் இரண்டு மூன்று பிடி கட்டிவிட்டு, "பிள்ளையிட்டைக் கேளுமன்" என்றான்.

"அவள் சின்னப்பிள்ளை, அவளிட்டை என்னத்தைக் கேக்கிறது? உங்களுக்குக் கோவமே வராதே?"

"வருது. வயலின் போனா வேறை எங்கை எடுக்கிறது எண்ட யோசினையும் வருது."

கஜானி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தொங்கியது.

"முன்னுக்கு இருக்கப்போற லக்ஷன் ஆக்களுக்கு ஒண்டும் ஞாபகமில்லை அம்மா. நான் வாசிக்காட்டி அவை பாவம்."

"உன்னை ஒருத்தரும் பாக்கமாட்டினம் பிள்ளை. துணிக்குப் பின்னாலை இருத்தப் போகினம்."

"கேப்பினம்தானே?"

உதயகலாவுக்குக் கோபம் தணியவில்லை. பிள்ளை போய் வயலினை எடுத்துத் துடைத்தாள். கழுத்திலிருந்து அடி வரைக்கும், தந்திகளுக்குக் கீழே விரலை விட்டு, வில்லுக்குப் பூசும் றொசின் பிசினின் தூளை ஒரு பொட்டு விடாமல் துடைத்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னால் ஓடுகிற பிள்ளை. அந்தத் துடைப்பைப் பார்த்த பிறகுதான் உதயகலா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். வயலின் வீட்டில் இருக்கட்டும். அதற்காக எந்தக் கண்றாவியையும் ஒருநாள் பார்க்கலாம்.

வியாழக்கிழமை ஒத்திகைக்குக் கூடவே போனாள். ஆறு பிள்ளைகளும் மேடையில் கம்பளத்தில் இருந்தார்கள். வில்லைத் தொட்ட கணத்தில் அகப்பைக் காம்பால் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம் எழும்பியது. அவர்களிலும் குற்றம் இல்லை. மாதக்கணக்கில் வினாத்தாளைத் தவிர ஒன்றையும் தொட விடவில்லையே! அதிபர் காதைப் பொத்திக்கொண்டு, "சத்தம் வராமல் இழுங்கோ, சத்தம் வராமல்!" என்று கத்தினார். வில்லைத் தந்தியில் வைத்தால் சத்தம் வரும். வைக்காமல் காற்றில் ஆட்டினால் முன்வரிசையில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். கஜானி துணிக்குப் பின்னாலிருந்து எழும்பிவந்து லக்ஷனின் விரல்களை வில்லில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

மியூரியல் ரீச்சர் தூணோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதயகலா பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்களும் இதுக்கு உடந்தையோ ரீச்சர்?"

"நான் மாட்டன் எண்டா வகுப்பை நிப்பாட்டிப்போடுவினம். வாற வருசப் பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்?" ரீச்சர் நிலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூளை வளரும், புள்ளி கூடும் எண்டு நான் ஒருத்தருக்கும் ஒருநாளும் சொல்லேல்லை, உதயகலா. ஆண்டவருக்குத் தெரியும். ஒரு பிள்ளை தான் வாசிக்கிறதைத் தானே கேக்கப் பழகினாக் காணும் எண்டுதான் நினைச்சனான்."

நல்ல மனுசி. நல்ல மனுசர் எல்லாரும் தூணோடு நின்று நிலத்தைப் பார்ப்பதால்தான் இந்தக் கூத்தெல்லாம் நடக்கிறது என்று உதயகலா நினைத்தாள். தானும் அதே தூணோடு நிற்பதும் உறைத்தது.

வெள்ளிக்கிழமை பாண்ட் வாத்தியம் முழங்க, மாலையும் பட்டியுமாக ஆறு பேரையும் ஒழுங்கை வழியே நடத்திக்கொண்டு வந்தார்கள். பரீட்சையில் தவறிய பிள்ளைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கை தட்டினார்கள். தட்டச் சொல்லித்தான் நிறுத்தியிருந்தார்கள். முப்பது, நாற்பது பிள்ளைகள் இருக்கும். சித்தியடைந்த ஆறு பேருக்காக, தோற்றவர்கள் இவர்கள்தான் என்று ஊருக்குக் காட்டுகிற ஏற்பாடு! இதைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது பத்து வயதாக இருந்திருப்பானா? உதயகலா அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்காமல் கஜானியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையின் பின்பக்கத்தால் ஏறினாள்.

கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் உடைந்த மேசைகளும் பழைய வெசாக் விளக்குக் கூடுகளின் சட்டங்களும் அடுக்கிக் கிடந்தன. நடுவில் ஒரு பாயும் ஒரு மைக்கும். வாகீசன் பேசத் தொடங்கிவிட்டார். சிவப்பும் பச்சையும் மறுபடி வந்திருக்கும். கஜானி பாயில் இருந்து, காதைத் தந்திக்குப் பக்கத்தில் வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளை நாடா, முகத்தில் ஒரு குறையும் இல்லை. வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள் என்பது அவளுக்குப் போதுமாயிருந்தது. அது போதும் என்று நினைக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டுதான் இவர்கள் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் உதயகலாவுக்குப் பொறுக்கவில்லை.

துணி விலகி லக்ஷன் உள்ளே வந்தான். மாலை கழுத்தை உறுத்தியிருக்கவேண்டும், ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்திருந்தான். மற்றக் கையில் வில்.

"கஜானி, என்ரை வில்லு வழுக்குது."

அவள் வாங்கி, வில்லில் கட்டிய குதிரை மயிரை விரலால் தடவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தேங்காயெண்ணெய்."

"சத்தம் வராதாம். சேர் எல்லாரின்ரை வீட்டுக்கும் போன் பண்ணினவர். காலமை அம்மா பூசிவிட்டவ." அவன் தாழ்ந்த குரலில், "எல்லாற்றை வில்லுக்கும்தான்" என்றான்.

கஜானியின் முகம் மாறியதை உதயகலா பார்த்தாள். பரீட்சை முடிவு வந்த அன்றுகூட அந்த முகம் இப்படி ஆகவில்லை. எண்ணெய் பட்ட மயிர் பிறகு தந்தியைப் பிடிக்காது, வில் ஊமையாகிவிடும். வகுப்பில் முதல் நாளே, எண்ணெய்க் கையால் வில்லைத் தொடக்கூடாது என்று மியூரியல் ரீச்சர் சொல்லிக்கொடுத்ததும் அதனால்தான். ஒரு மண்டபம் நிறையப் படித்தவர்களுக்கு முன்னால் பத்து நிமிடம் நடிப்பதற்காக, ஆறு வில்லுக்கும் அடுக்களைப் போத்தலைக் கவிழ்த்திருந்தார்கள்.

பேச்சு முடிந்து கைதட்டல் கேட்டது. அதிபர் துணியை விலக்கித் தலையை நீட்டினார். "தொடங்கப் போகுது, லக்ஷன், ஓடு. கஜானி, றெடியோ?"

"சேர், வில்லுக்கு எண்ணெய் பூசக்கூடாது."

"சரி சரி. பேந்து பாப்பம்."

"வாற வருசம் பழகிற பிள்ளையள் எதாலை வாசிக்கிறது சேர்?"

"பேந்து எண்டு சொன்னனெல்லே! வயலினை எடு பிள்ளை."

தலை மறைந்தது. கஜானி தன் வயலினைப் பாயில் வைத்தாள், பக்கத்தில் தன் வில்லையும் வைத்தாள். லக்ஷனின் வில்லை மடியில் கிடத்தி, சட்டையின் கரையை எடுத்து மயிரைத் துடைக்கத் தொடங்கினாள். லக்ஷன் போகவில்லை. மாலையைக் கழற்றி மேசைக்காலில் கொழுவிவிட்டு, அவளுக்கு எதிரே குந்தி, வில்லின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டான்.

முன்திரை இழுபடும் சத்தம் கேட்டது. உதயகலா கறுப்புத் துணியின் ஓரத்தால் பார்த்தாள். ஐந்து பிள்ளைகள், ஐந்து வில்லுகள், ஒரு வெற்றிடம். மியூரியல் ரீச்சர் கையால் தாளம் காட்டினார். ஐந்து வில்லுகளும் போய் வந்தன. ஒரு கீச்சுச் சத்தம் இல்லை. காற்றாடிகள் சுற்றுவது கேட்டது. முன்வரிசையில் வாகீசன் காதருகே கையை வைத்துக் குனிந்தார். யாரோ ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கை காட்ட, அவன் ஓடிப்போய் வயர்களை ஆட்டினான். பிள்ளைகள் ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்தபடி, நிறுத்தச் சொல்லாததால், இழுத்துக்கொண்டேயிருந்தார்கள்.

அதிபர் பின்பக்கப் படியால் மூச்சிரைக்க ஏறிவந்தார்.

"வாசி பிள்ளை! வாசி! என்ன செய்யிறாய் நீ?"

"துடைக்கிறன் சேர்," என்றாள் கஜானி, தலை நிமிராமல்.

"உதயகலா, சொல்லுங்கோ பிள்ளைக்கு! மானம் போகுது. வயலின் வேண்டாமே உங்களுக்கு?"

கஜானியின் கை ஒரு கணம் நின்றது. பாயில் கிடந்த வயலினைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கரையில் எண்ணெய் படாத இடமாகத் தேடிப் பிடித்து, மறுபடி துடைத்தாள்.

உதயகலா குனிந்து வயலினை எடுத்தாள். இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்த சாமான், இவ்வளவு பாரம் குறைந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதையும் வில்லையும் அதிபரின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"இந்தாங்கோ சேர். பிள்ளைக்கு வேலை கிடக்கு. நீங்கள் வாசியுங்கோ."

அதிபர் வயலினைப் பிடித்த பிடியில் ஒரு தந்தி விரலில் பட்டு, மைக்கில் 'டொங்' என்றது. வெளியே சிலர் கை தட்டினார்கள். துணிக்கு இந்தப் பக்கம் லக்ஷன் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கஜானி மயிரை மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் மடி வரை ஏறிவிட்டது. வில்லிலிருந்து அது இன்னும் போகவில்லை.